இயந்திரம் வந்த பிறகும் கையாள் எதற்கு? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீட்டு வேலைகளை வைத்து ஒரு விவாத இழை

கேள்வி, 2 மார்ச் 2024

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள வேலந்தாவளத்தில் 900 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் கட்டும் என் மைத்துனருக்கு ஆவதைவிட எனக்குக் கூலி அதிகமாக ஆகிறது. கலவை இயந்திரம், ஜேசிபி, ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் எல்லாம் வந்துவிட்ட காலத்திலும் தளம் போடும் நாளுக்கு இருபது ஆள் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. பத்து ஆளை வைத்து முடித்தால் என்ன கெட்டுவிடும்? கொத்தனாருக்குக் கொடுப்பது நியாயம். சட்டி தூக்குகிறவருக்கும் அவருக்கும் இவ்வளவு நெருக்கமான கூலி ஏன்?

கட்டட மேற்பார்வை பார்க்கும் ஒருவரின் பதில்கள், 3 மார்ச் 2024, காலை

முதலில் கணக்கைப் பார்ப்போம். 900 சதுர அடித் தளத்தை 12 சென்டிமீட்டர் கனத்தில் போட ஏறக்குறைய 10 கன மீட்டர் கலவை வேண்டும். அதன் எடை 24 டன். ஒரு சட்டிக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1200 சட்டி மேலே ஏறியாக வேண்டும். அதற்கு முன்பு 80 மூட்டை சிமென்டும், அதற்குரிய எம்-சாண்டும், முக்கால் அங்குல ஜல்லியும் இயந்திரத்தின் வாய்க்குள் போயாக வேண்டும். இயந்திரம் கலக்கித் தருவதோடு சரி. அள்ளிப் போடுவது, கலந்ததை வாங்கிச் சுமப்பது, பரப்புவது, கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை இறக்கி இழுப்பது, மட்டப்பலகை பிடிப்பது எல்லாம் ஆட்கள்தான். இவ்வளவும் இடைவெளி விடாமல் நடக்க வேண்டும். தண்ணீர் பட்ட சிமென்ட் இறுகத் தொடங்குவதற்குத் தர நிர்ணயம் உறுதியாகச் சொல்லும் குறைந்தபட்ச அவகாசம் 30 நிமிடம் மட்டுமே.

பத்து ஆளை வைத்தால் வேலை முடிய நேரமாகும் என்பதோடு விஷயம் நின்றுவிடுவதில்லை. காலை பதினொரு மணிவரை பத்துப் பேரும் இருபது பேரின் வேகத்தில் ஓடுவார்கள். மதியச் சோற்றுக்குப் பிறகு தோள் கேட்காது. சட்டி மெதுவாக ஏறும். சற்றுக் கெட்டியாக வந்த கலவையை மேலே பரப்ப முடியாமல் “கொஞ்சம் எளக்கமா உடுங்க” என்று ஒருவர் குரல் கொடுப்பார். கீழே இயந்திரத்தடியில் நிற்பவர் இன்னும் அரைக் குடம் ஊற்றுவார். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, எம் 20 கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் சிமென்டோடு சேராமல் பின்னால் ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். பொறியாளர் போட்டுக் கொடுத்த வலிமைக் கணக்கு அந்த அரைக் குடத்தில் கரைந்துவிடுகிறது. ஆள் குறைந்தால் தண்ணீர் கூடும் என்பதை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ வீடுகளில் நின்று பார்த்திருக்கிறேன்.

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் இருபது பேரை இப்படி நிறுத்துவேன்: இயந்திரத்துக்கு அள்ளிப் போட ஆறு பேர், சிமென்டும் தண்ணீரும் பார்க்க ஒருவர், சட்டி மாற்ற எட்டுப் பேர், மேலே பரப்ப மூன்று பேர், வைப்ரேட்டருக்கு ஒருவர், மட்டம் பிடிக்கக் கொத்தனார். சிமென்டும் தண்ணீரும் பார்க்கிற அந்த ஒருவர் இருப்பதிலேயே நிதானமானவராக இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அன்றைக்குப் புதிதாக வந்த சிறுவனைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறார்கள்.

3 மார்ச் 2024, இரவு

ரெடிமிக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாரி வீட்டடிக்கு வந்து பம்பும் கிடைத்துவிட்டால், அள்ளிப் போடுகிற ஆறு பேரும் சட்டி மாற்றுகிற எட்டுப் பேரும் தேவைப்பட மாட்டார்கள். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. சுமை குறைவது நல்லதுதான். ஆனால் ஒரு லாரி கொண்டுவருவது ஆறு கன மீட்டர் அளவு. உங்கள் தளத்துக்கு இரண்டு நடை வேண்டும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். வடகரப்பதி, ஒழலப்பதி பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் பாதிக்கு மேல் லாரி திரும்புகிற அளவுக்கு வழி கிடையாது. வழி இருந்தாலும் பம்புக் குழாயின் வாயைப் பிடித்து நடக்கவும், பரப்பவும், வைப்ரேட்டர் போடவும், மட்டம் இழுக்கவும் கைதேறிய ஆட்கள் வேண்டும். சட்டியில் வரும்போது கிடைக்கும் மூச்சுவிடும் நேரம் பம்பில் கிடைக்காது. குழாயில் வருவது ஒரே வேகத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

6 மார்ச் 2024

இருபதோடு ஒருவரைச் சேர்க்கிறேன். அவர் கம்பிக்கு.

வீட்டுத் தளத்தில் கம்பி எல்லா இடத்திலும் அடியில் இருக்காது. சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலே வரும் இடங்களில் பாரம் தாங்கும் கம்பி மேற்புறத்தில் கிடக்கும். ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் முதன்மைக் கம்பி முழுக்கவும் மேலேதான் ஓடும். சட்டியோடு போகிறவர்கள் அந்தக் கம்பியை மிதித்துக்கொண்டு நடந்தால் அது அடியில் போய்ப் படுத்துவிடும். கலவை மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. எருத்தேம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் சென்ட்ரிங் (கலவை இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரித்த அன்றே சன்ஷேட் சுவரோரமாக விரிசல் விட்டுத் தொங்கியதைப் பார்த்தேன். கீழே யாரும் நிற்கவில்லை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. உடைத்துப் பார்த்தபோது எட்டு எம்எம் கம்பிகள் அடிப்பக்கமாகக் கிடந்தன. கம்பியின் அளவிலும் எண்ணிக்கையிலும் குறை எதுவும் இல்லை. அது இருந்த இடந்தான் தவறு. ஒப்பந்தக்காரர் சிமென்டைக் குறை சொன்னார், வீட்டுக்காரர் கொத்தனாரைக் குறை சொன்னார். கம்பியைத் தூக்கிவிட ஓர் ஆள் வைத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை.

இதைத் தடுக்கும் வழி எளியது. கம்பிமேல் நடக்கப் பலகை போட வேண்டும். கலவை விழுவதற்குச் சற்று முன்னால் கொக்கியோடு ஒருவர் நகர்ந்துகொண்டே தாழ்ந்த கம்பியைத் தூக்கி, கம்பிக்கு அடியில் கொடுக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கைச் சரியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். வயதில் மூத்த ஓர் அக்கா எங்கள் வேலைகளில் பல ஆண்டுகள் சித்தாளாக இருந்தார். மேலே ஏறியதும் அவர் சொல்லும் முதல் பேச்சு, “தம்பி, பலவையப் போட்டுட்டுக் கூப்புடுங்க, கம்பி மேல கால வெக்க மாட்டேன்” என்பதுதான். அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. எந்தக் கம்பியை மிதித்தால் எது விழும் என்பது தெரியும். உங்கள் கேள்வியில் உள்ள ‘சட்டி தூக்குகிறவர்’ இப்படிப்பட்டவராகவும் இருக்கலாம்.

10 மார்ச் 2024

கூலிக்கு வருகிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், கேரளத்தில் சங்கங்களால்தான் கூலி ஏறியது, நோக்குகூலி வாங்கும் ஊரில் நியாயம் பேச என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவர் இரண்டு வேறு தொழில்களைக் கலக்கிறார்.

நோக்குகூலி என்பது சுமை இறக்கும் தொழிலைச் சேர்ந்த பிரச்சினை. அந்தத் தொழிலுக்கு 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் தனியாக இருக்கிறது. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் வழக்கத்தைக் கேரள அரசே 2018 மே 1 முதல் ஒழிப்பதாக அறிவித்தது. அது ஒழிய வேண்டியது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் உங்கள் வீட்டுத் தளத்தில் சட்டி மாற்றுகிற பெண்ணுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் தூக்கிய சட்டிக்குத்தான் கூலி வாங்குகிறார்.

ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23இல் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய். அகில இந்திய சராசரி 393 ரூபாய். இந்த இடைவெளிக்குச் சங்கங்களும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. வளைகுடாப் பணம் 1970களிலிருந்து வீடுகளாக எழும்பியதும், அதே காலத்தில் உள்ளூர் இளைஞர்கள் விமானம் ஏறிப் போனதும் பெரிய காரணங்கள். கட்டுவதற்கு வேலை பெருகி, செய்வதற்கு ஆள் குறைந்த இடத்தில் கூலி ஏறாமல் இருக்காது. அந்தக் காலத்தில் கேரளத்தின் சாந்துச் சட்டியைச் சுமக்கத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். என் தந்தையும் அதே வேலைக்குப் போனவர்தான், ஆனால் எங்களுக்கு எல்லை தாண்டிக் குடிபெயர வேண்டிய தேவை இருக்கவில்லை. தமிழ் பேசும் எங்கள் ஊரே பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கையாளுக்கும் கொத்தனாருக்கும் இடையே கூலி நெருங்கியிருப்பதைக் கேட்டீர்கள். ஒரு கொத்தனார் ஒரு நாளில் எத்தனை கல் வைக்கிறார் என்பது அவர் எத்தனை முறை சாரத்தை விட்டு இறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. நல்ல கையாள் கிடைத்த கொத்தனார் இறங்கவே மாட்டார். கல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், சாந்து காயாமல் அளவாக வரும், நூல் பிடிக்க மறுமுனையில் ஆள் நிற்கும். சூளைச் செங்கலை வைப்பதற்கு முன் நனைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பொரிந்துபோகும். ஹாலோ பிளாக்கை அப்படி ஊற வைக்கக் கூடாது, ஊறிய கல் சுவரில் காயும்போது சுருங்கி விரிசல் விடும். இதையெல்லாம் கொத்தனார் காலையில் வந்து சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அவர் வருவதற்குள் கையாள் செய்து முடித்திருப்பார்.

11 மார்ச் 2024

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது ஒன்று. கூலி கூடினால் வீடு கட்ட முடியாது என்ற அச்சம் எளியவருக்கு உண்மையிலேயே உண்டு. வீடற்றவர்களுக்கான கேரள அரசின் லைஃப் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது நான்கு லட்சம் ரூபாய். என் அனுபவத்தில் வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூலிக்குப் போகிறது. நான்கு லட்சத்தில் அது பெரிய பங்குதான். அந்த வீடுகளைக் கட்டுகிற குடும்பங்களில் பலரும் கூலி வேலைக்குப் போகிறவர்களே என்பதால், கூலியைக் குறைப்பது அவர்களுடைய ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையில் பிடுங்குவதாகத்தான் முடியும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பொருளில் குறைக்கலாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைச் செய்து காட்டினார். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் கூடுவிட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறையில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். பூச்சு வேலையும் வேண்டியதில்லை. ஆனால் பூசாத சுவரில் ஒவ்வொரு கல்லும் கண்ணுக்குத் தெரியும், கை சுத்தமான ஆட்கள் வேண்டும். பணம் ஆலைக்குப் போவதற்குப் பதிலாக ஊர்க்காரரின் கூலியாகப் போகட்டும் என்பது அவருடைய முறையின் உள்ளே இருந்த நோக்கம்.

17 மார்ச் 2024

வண்ணாமடையிலிருந்து ஒருவர், கடைக்கால் தோண்டுவதை முழுக்க ஜேசிபிக்கே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் கரிசல் மண் கிடக்கிறது. கேரளத்தில் கரிசல் உள்ள பகுதி இதுதான். மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதன் மேலே கடைக்கால் நின்றால் இரண்டாவது கோடையில் சுவர் பிளக்கும். கரிசல் முடிந்து கெட்டித் தரை வரும்வரை தோண்டியாக வேண்டும், அந்த ஆழம் ஒரே மனையில் கிழக்கு மூலைக்கும் மேற்கு மூலைக்கும் வேறாக இருக்கும். ஜேசிபிக்காரர் சொன்ன ஆழத்துக்குத் தோண்டுவார். கெட்டித் தரை வந்துவிட்டதா என்பதைக் குழிக்குள் இறங்கி மம்பட்டி போடுகிறவர்தான் சொல்வார். கரிசலில் மம்பட்டி மெத்தென்று இறங்கி ஒட்டிக்கொண்டு வரும். சுக்கான் மண்ணைத் தொட்டதும் கை அதிரும், சத்தமும் மாறும். என் தந்தை குழிக்குள் நின்றபடி கடப்பாரையால் நான்கு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு மொழம் போகோணும்” என்று சொல்வதை மேலே நின்ற ஓவர்சியர் எழுதிக்கொள்வார். மண் பரிசோதனை செய்ய வசதியுள்ள பெரிய கட்டடங்களுக்கு வேறு வழி உண்டு. நம் ஊர்ச் சிறு வீடுகளுக்கு இன்றும் இந்தப் பரிசோதனைதான் நடக்கிறது.

ஜேசிபி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேல் மண்ணை அது எடுக்கட்டும். அடியிலுள்ள அரை அடியைக் கையால் எடுங்கள். இயந்திரப் பல் கிளறிவிட்ட மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளி மிதித்து அதன்மேல் கல் வைப்பது, இல்லாத தரைமேல் வீடு கட்டுவதற்குச் சமம். மார்பளவுக்கு மேலே ஆழம் போனால் குழியின் பக்கச் சுவருக்குத் தடுப்புக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கவும் கூடாது. கரிசல் மழை ஈரத்தில் சத்தமில்லாமல் சரியும்.

24 மார்ச் 2024

சித்தாள்களைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சம வேலைக்குச் சம ஊதியம் தரச் சொல்லும் சட்டம் 1976இல் வந்தது. எங்கள் பகுதியில் ஒரே வரிசையில் நின்று ஒரே சட்டியைக் கைமாற்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சனிக்கிழமை மாலையில் கிடைக்கும் பணம் இன்றும் ஒன்றாக இல்லை. ஆண் மூட்டை தூக்குகிறார் என்பது சொல்லப்படும் காரணம். சிமென்ட் மூட்டை 50 கிலோ. மத்திய விதிகள் ஆண் தனியாகத் தூக்கும் அதிகபட்ச எடையை 55 கிலோ என்றும் பெண்ணுக்கு 30 கிலோ என்றும் வைத்திருக்கின்றன. மூட்டையை இருவர் பிடித்தால் இந்தக் காரணமே எழாது. நாள் முழுக்கச் சுமந்த மொத்த எடையைக் கூட்டிப் பார்த்தால், மூட்டையைச் சில முறை தூக்கியவரைவிடச் சட்டியை விடாமல் மாற்றிய பெண் குறைவாகச் சுமந்தார் என்று சொல்ல முடியாது.

அவர்கள் ஏன் கொத்தனார் ஆவதில்லை என்ற கேள்வியும் வந்திருக்கிறது. கரண்டியை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை என்பதே நேரான பதில். எங்கள் பக்கத்து இளைஞர் சித்தப்பாவோடு கையாளாக வருவார், ஓய்வு நேரத்தில் மறைவான சுவரில் நான்கு கல் வைத்துப் பார்ப்பார், இரண்டு மூன்று ஆண்டில் கொத்தனார் ஆகிவிடுவார். அதே வரிசையில் இருபது ஆண்டு நின்ற பெண்ணுக்கு அந்த நான்கு கல்லை வைக்கும் வாய்ப்பு வருவதில்லை. வாய்ப்புக் கொடுத்த இடத்தில் நடந்திருக்கிறது. கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ மூலம் பயிற்சி பெற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து கேரளத்தின் பல மாவட்டங்களில் முழு வீடுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வேலையிலும் ஒருவருக்குப் பூச்சு வேலை சொல்லிக்கொடுக்கச் செய்தேன். கொத்தனார்கள் முதலில் முகம் கொடுக்கவில்லை. பூச்சைச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையை அவர் சுழற்றிய சீரைப் பார்த்த பிறகு, மூலை முடிக்கிற வேலையை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வீட்டு வேலையில் இருப்பது மூன்று பெண்கள். ஆகவே பிள்ளை மணல் குவியலின்மேல், அறுத்த கம்பித் துண்டுகளுக்கு நடுவே விளையாடுகிறது. ஒரு சாக்கு நிழலையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மூதாட்டியையும் ஏற்பாடு செய்ய எந்தச் சட்டமும் வேண்டாம். கழிப்பறையும் அப்படித்தான். கட்டுகிற வீட்டில் முதலில் முடிக்க வேண்டியது வெளிக் கழிப்பறை, முதல் நாள் வேலைக்கு வருகிற பெண்களுக்காக.

31 மார்ச் 2024

வெளிமாநிலத்தவர் வந்து நம் ஆட்களின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியவருக்கு. கேரளத்தில் உள்ள வெளிமாநிலத் தொழிலாளர்களை 2013இல் நிதி, வரி ஆய்வு அமைப்பான குலாத்தி நிறுவனம் 25 லட்சம் என்று மதிப்பிட்டது. வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் இன்று வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரை எல்லாக் கட்டடத்திலும் நிற்கிறார்கள். நம் ஆட்களைவிடக் குறைந்த கூலிக்கு அவர்களை நிறுத்த முடிவது அவர்களுடைய குற்றம் ஆகாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையரைப் பற்றித் திருச்சூர்ப் பக்கம் இதே பேச்சைப் பேசினார்கள் என்பதை என் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் 2019இல் அவர்களுக்காக அரசு கட்டிய தங்கும் விடுதி நல்ல தொடக்கம். ஆனால் சிறு வீடுகளில் வேலை செய்பவர்கள் அங்கே போவதில்லை. அவர்கள் பாதி கட்டிய வீட்டுக்குள்ளேயே, சென்ட்ரிங் முட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார்கள். இன்னும் இறுகாத தளத்துக்கு அடியில் யாரையும் படுக்கவிடாதீர்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில் உள்ள ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலில் 1925இல் கூலித் தொழிலாளர்களே சேர்ந்து தொடங்கியது. 2025இல் அதற்கு நூறு ஆண்டு. கொச்சியில் 2016இல் திறந்து 2019இல் மூடப்பட்ட பாலாரிவட்டம் மேம்பாலத்தை டெல்லி மெட்ரோவின் பொறுப்பில் திரும்பக் கட்டிக் கொடுத்தது இந்தச் சங்கந்தான். 2021 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. மண் சுமக்கிறவர்களுக்கு மேலாண்மை தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்த நூறு ஆண்டைப் பார்க்க வேண்டும்.

28 ஏப்ரல் 2024

எழுத நேரம் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்தது. நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, காலை 7 முதல் இரவு 7க்குள் எட்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற தொழிலாளர் துறை உத்தரவு நடப்பில் இருந்தது. எல்லைக்கு அப்பால் அரை மணி தூரத்தில் அந்த உத்தரவு செல்லாது. வெயிலுக்கு எல்லை தெரியாது. இரண்டு பக்கமும் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், இந்தப் பக்கம் விட்ட இடைவேளையை அந்தப் பக்கம் விடாமல் வேலை வாங்குவதைக் கண்ணால் பார்த்தேன். அன்று மாலை ஒரு வங்காள இளைஞர் மயங்கிச் சாந்துத் தொட்டியின் ஓரத்தில் விழுந்தார். உப்புப் போட்ட மோரும் நிழலும் கிடைத்து எழுந்துகொண்டார். அரை நாள் கூலி பிடித்துவிட்டார்கள்.

வெயிலை ஆட்களின் உடல்நலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கான்கிரீட்டையும் அதே வெயில் கெடுக்கிறது. போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, சாதாரண சிமென்ட் என்றால் 7 நாளும், இப்போது கடைகளில் பரவலாக விற்கும் சாம்பல் கலந்த பிபிசி என்றால் 10 நாளும் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர்தான் வருகிறது. அங்கே தளத்துக்குத் தண்ணீர் விடுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் பொறுப்பாகிறது. காலையும் மாலையும் குடத்தோடு ஏறுவார், பாத்தி கசிந்த இடத்தைச் சேறு வைத்து அடைப்பார், ஓரங்களில் ஈரச் சாக்கை இழுத்துவிடுவார். அந்த வேலைக்குத் தனிக் கூலி கொடுப்பவர்கள் குறைவு. “சாயங்காலம் போறப்போ ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போ” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு குடம் எட்டாத இடத்தில் மழைக்காலத்தில் ஒழுகுகிறது. பத்து நாளுக்கும் ஒருவரைக் கூலி கொடுத்து வையுங்கள். வீட்டுச் செலவில் அதைவிடப் பயன் தரும் செலவு எனக்குத் தெரியவில்லை.

சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று அவசரமாக முட்டுகளைத் தட்டிவிடுவதும் இதே காலத்தில் நடக்கிறது. நாலரை மீட்டருக்குள் அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். இது சாதாரண சிமென்டுக்கு. பிபிசி என்றால் இன்னும் நாள் கொடுங்கள். முட்டுகளைத் தட்டுகிறவர் அடியில் நிற்கிறார் என்பதை நினைத்தாலே அவசரம் போய்விடும்.

5 மே 2024

பெயர் எழுதும் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் மேற்பார்வைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சாரத்தின் கயிறு அவிழ்ந்து, கையாள் ஒருவர் முதல் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனது உடன் வேலை செய்தவர்கள். இரண்டாம் நாள் ஒப்பந்தக்காரர், அவர் என் ஆளே இல்லை, வேலை கேட்டு வந்தவர் தானாக ஏறிவிட்டார் என்று சொல்லிவிட்டார். 1923இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் அப்போது தொழிலாளிக்கு உரிமை கொடுத்தது. ஆனால் அவர் அங்கே வேலை பார்த்ததற்கு அடையாளம் வேண்டும். வருகைப் பதிவு கிடையாது, கூலி கையில் கொடுத்தது. சனிக்கிழமைக் கணக்கைச் சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்த மேஸ்திரியின் அட்டை ஒன்றுதான் மிஞ்சியது. அதில் பெயருக்குப் பதில் ‘சின்னவன் 5, பாய் 6, அக்கா 6’ என்று இருந்தது. அந்த ‘பாய்’ தானே என்று நிரூபிக்க அவருடைய குடும்பம் அலைந்த அலைச்சலை நான் மறக்கவில்லை. கிடைத்த தொகை மருந்துச் செலவுக்குக்கூடப் போதவில்லை.

அதிலிருந்து நான் நிற்கும் இடத்தில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருக்கும். காலையில் வருகிறவர் பெயர், ஊர், வயது, வீட்டில் கூப்பிட ஒரு தொலைபேசி எண். கையெழுத்து அல்லது ரேகை. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். எல்லோரும் இதைச் செய்யலாம், வீட்டுக்காரரே செய்யலாம்.

12 மே 2024

வேலந்தாவளத்துக்காரர் திரும்ப எழுதியிருக்கிறார். இருபத்தொரு பேருக்கு ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்கிறார். வருகிறவர்களில் எட்டுப் பேர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள், அவர்களை எந்த நலவாரியத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்கும் வீட்டுக்காரரை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது. கேரளத்தில் அதற்கான சட்டம் 1989இல் வந்தது. இரண்டும் 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு முந்தியவை. மத்தியச் சட்டப்படி 18 வயதிலிருந்து 60 வயதுக்குள், முந்திய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் பதிவு செய்யலாம். பொள்ளாச்சியில் குடியிருப்பவருக்குக் குடும்பமும் ரேஷன் அட்டையும் பிள்ளைகளின் பள்ளியும் தமிழ்நாட்டில் இருப்பதால், கல்வி உதவி போன்றவற்றைப் பெற அங்கே பதிவு செய்வது வசதி. இந்தப் பக்கமே தங்கிவிட்டவர்களுக்கு 2010 முதல் கேரள வாரியத்தின் கீழ் வெளிமாநிலத் தொழிலாளருக்கான தனித் திட்டம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலமாக வருபவர்களுக்கான 1979ஆம் ஆண்டின் சட்டம், தானாகப் பேருந்து ஏறி வருகிறவரைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லையோரத் தொழிலாளியின் உண்மையான சிக்கல் இதுதான். அவர் இரண்டு மாநிலத்துக்கும் உழைக்கிறார், கேட்கப் போனால் இரண்டு அலுவலகமும் அடுத்த மாநிலத்தைக் காட்டுகின்றன. எல்லை மாவட்டங்களுக்காவது ஒரு வாரியத்தின் பதிவை மற்ற வாரியம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு அரசுகளிடமும் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

அந்த 90 நாளுக்குச் சான்று கேட்டு அவர்கள் படிவத்தோடு வருவார்கள். பல வீட்டுக்காரர்கள் ஏதோ வம்பு வந்துவிடும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. சொந்தக் குடியிருப்புக்கு ஆகும் செலவு சட்ட வரம்பைத் தாண்டும்போது வரும் 1 சதவீத செஸ் (தொழிலாளர் நலனுக்கான வரி) கட்டுமானச் செலவின்மேல் கணக்கிடப்படுகிறது. உங்கள் கையெழுத்தால் அது ஒரு ரூபாய்கூட ஏறாது. வேலை பார்த்த நாட்களை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதி, தேதி போட்டு, உங்கள் முகவரியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், அவர்களிடம் நீங்களே கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள்.